நீல விளக்கு எரிகிறவரை

எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. பால் பொங்குகிறவரை அடுப்பருகே நிற்பேன், அது பொங்காது. இரண்டு அடி நகர்ந்தால் பொங்கிவிடும். பஸ்ஸுக்கு நிற்கும்போது சாலையில் இறங்கி எட்டி எட்டிப் பார்ப்பேன், பார்த்தால் சீக்கிரம் வந்துவிடும் என்பதுபோல. என் வீட்டுக்காரர் இதைச் சொல்லியே என்னைக் கேலி செய்வார். அவருக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பிவிடுகிறவருக்குக் கேலி செய்ய மட்டும் நேரம் கிடைத்துவிடும். இப்படிப்பட்ட ஒருத்தியின் கையில் வீட்டுக் காமிராவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாராவது முன்பே யோசித்திருக்கலாம். நானே யோசித்திருக்கலாம்.

மாடம்பாக்கத்தில் எங்கள் வீடு முதல் மாடியில் இருக்கிறது. அம்மா போன பிறகு அப்பா எங்களோடுதான். போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை பாத்ரூம் வாசலில் கிடந்த கால்மிதி வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டெல்லாம் சொல்லவில்லை, அப்பா முகத்துக்கு நேராகவே சொன்னார். மூன்று மாதத்துக்கு அந்தப் பக்கத்துக் காலில் பாரம் விழக்கூடாது. பாத்ரூமுக்கு மட்டும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு போகலாம், மற்ற நேரமெல்லாம் நாற்காலி, இல்லையென்றால் கட்டில். "இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா அப்புறம் நடக்குறத மறந்துட வேண்டியதுதான் பெரியவரே."

அப்பா ஏதோ சினிமா டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று சொன்னதுபோலத் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பைத் தேடினார். நான்தான் அந்த வாக்கியத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். சமைக்கும்போதும் அதுதான், குளிக்கும்போதும் அதுதான்.

ஒரு மாதம் லீவு போட்டேன். அதற்குமேல் லீவு இல்லை. நான் வேலை பார்ப்பது சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அப்பால், கார் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில், டிஸ்பாட்ச் பிரிவில். லாரியில் ஏறுகிற சரக்கும் பில்லும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற உத்தியோகம். அங்கே ஒரு விதி உண்டு. காமிரா உள்ள போன் எதுவும் உள்ளே போகக்கூடாது. காலையில் செக்யூரிட்டி அறையில் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும், சாயங்காலம் டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கிக்கொள்ள வேண்டும். மேஜைமேல் ஒரு லேண்ட்லைன் இருக்கிறது, அவசரத்துக்கு வெளியே பேசலாம். அவ்வளவுதான்.

கீழ் வீட்டு அக்கா நல்ல மாதிரி. மதியம் பன்னிரண்டரைக்கு வந்து சோற்றைச் சூடு பண்ணிப் போட்டுவிட்டுப் போகிறேன் என்று அவராகவே சொன்னார். வீட்டுச் சாவி ஒன்றை அவரிடம் கொடுத்தேன். மற்ற நேரத்துக்கு என்ன செய்வது என்றுதான் காமிரா வாங்கினேன்.

மாட்ட வந்தவர் வாசல் கதவுக்கு உட்புறம், நிலைக்கு மேலே அதைப் பொருத்தினார். அப்பாவின் நாற்காலி, டிவி, பாத்ரூமுக்குப் போகிற வழி எல்லாம் தெரிந்தது. இடது ஓரத்து ஜன்னல் மட்டும் பாதியோடு வெட்டுப்பட்டது. கொஞ்சம் திருப்பினால் பாத்ரூம் வழி தெரியாது என்றார். பாத்ரூம்தான் முக்கியம், விட்டுவிடுங்கள் என்றேன். யாராவது காமிராவைத் திறந்து பார்த்தால் அதில் ஒரு நீல விளக்கு எரியும் என்றும் சொல்லிக்கொடுத்தார். என் போனில் அதற்கான ஆப்பை ஏற்றிவிட்டுப் போனார்.

அப்பா அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனில் திறந்து காட்டினேன், எரிந்தது. மூடினேன், அணைந்தது.

"லைட் எரிஞ்சா நீ பாக்குறன்னு அர்த்தமா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப நான் இன்னா பண்ணணும்?"

எனக்கு அடுப்பில் குழம்பு. "ஒரு கைய காட்டுப்பா, போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பா ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி வரும்போது லெவல் கிராசிங் கேட்டை மூடி, ஓரமாக நின்று, பச்சைக் கொடியைக் காட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஆளை ரயிலிலிருந்து எல்லோரும் பார்த்திருப்போம். அந்த ஆள். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கேட்டில்தான் பெரும்பாலான சர்வீஸ். அதைப் பற்றி அவர் வீட்டில் அதிகம் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

முதல் நாள் ஆபீஸ் போய் உட்கார்ந்த பிறகுதான் என் புத்திசாலித்தனம் உறைத்தது. ஆப் போனில் இருக்கிறது, போன் செக்யூரிட்டி அறையில் இருக்கிறது. கண்ணில் நீர் முட்டிவிட்டது எனக்கு. எங்கள் பிரிவில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற சார் ஒருவர் இருக்கிறார், ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி இருப்பவர், எதற்கும் அவசரப்படாதவர். அவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஆப் எதுக்கு மேடம்? காமிராவுக்குன்னு ஒரு அட்ரஸ் இருக்கும். எந்த பிரவுசர்ல போட்டாலும் வரும்."

காமிரா பெட்டியை மறுநாள் கொண்டுவரச் சொன்னார். அதிலிருந்த சீட்டைப் பார்த்தார், வீட்டு இன்டர்நெட்டில் ஒன்றிரண்டு மாற்றம் செய்யச் சொல்லி எழுதிக்கொடுத்தார், நான் வீட்டுக்காரரை ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்துச் செய்யவைத்தேன். திங்கட்கிழமை காலை சார் என் கம்ப்யூட்டரில், நாங்கள் தினமும் மெயில் பார்க்கிற அதே பிரவுசரில், மேலே நீளமாக ஒரு எண்ணை அடித்தார். பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. கொடுத்தேன். சில நொடி வெள்ளையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு என் வீட்டுக் கூடம் அங்கே வந்து நின்றது. நாற்காலியில் அப்பா.

சார் மூன்று விஷயம் சொன்னார். பிரவுசரில் படம் மட்டும்தான், சத்தம் வராது. படம் ஏழெட்டு நொடி தாமதமாகத்தான் வரும். அப்புறம், நடு நடுவே உறைந்துபோகும், அப்போது ரீஃப்ரெஷ் செய்ய வேண்டும். "பெரியவர் விஷயம், நான் ஒன்னும் பாக்கல" என்று போய்விட்டார்.

அப்பா நாற்காலியில் சாய்ந்தபடி காமிராவைப் பார்த்து வலது கையை ஆட்டினார். எனக்கு வந்த சந்தோஷத்தில் லேண்ட்லைனை எடுத்து அவர் செல்லுக்கு அடித்தேன். சந்தோஷம் வந்தால் எனக்கு நாக்கு சும்மா இருக்காது.

"என்னப்பா, சாஞ்சுகிட்டே கைய ஆட்டுற? கேட்டுலயும் இப்படித்தான் குந்திகிட்டே கொடி காட்டினியா?"

நான் சிரித்தேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. "வேலைய பாரு" என்றார், வைத்துவிட்டார். லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பத்து மணிக்குத் திறந்தேன். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டிருந்தார். பாத்ரூம் போகிறார் போல என்று மூடிவிட்டேன். பத்தே காலுக்குத் திறந்தேன். எழுந்துகொண்டிருந்தார். மறுபடியும் பாத்ரூமா? பத்தரைக்குத் திறந்தேன். வாக்கரை முன்னால் இழுத்து, ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தார். இந்தத் தடவை மூடவில்லை. ஜன்னல் ஓரமாகப் போய் நின்றார். படத்தில் பாதி அப்பாதான் தெரிந்தது, வாக்கரைப் பிடித்த இடது கையும் இடது தோளும் பாதி முகமும். வலது பக்கம் முழுக்கப் படத்துக்கு வெளியே. வாய் ஏதோ முணுமுணுத்தது.

போன் அடித்துக் கத்தினேன். ஜன்னலில் என்ன வேலை, டாக்டர் சொன்னது மறந்துவிட்டதா, விழுந்தால் யார் தூக்குவது. "சரிம்மா, சரிம்மா" என்றார். உட்கார்ந்துவிட்டாரா என்று பார்க்க ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்தேன். உட்கார்ந்திருந்தார். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் எழுந்தார்.

அதன் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. சரக்குப் பட்டியலுக்குப் பின்னால் உள்ளங்கை அளவுக்கு அந்தப் படத்தைச் சுருக்கி வைத்துக்கொண்டேன். ஒரு பில் பார்ப்பேன், ஒரு தடவை வீட்டைப் பார்ப்பேன். மேலாளர் வருகிற சத்தம் கேட்டால் மூடுவேன், போனதும் திறப்பேன். உறைந்துவிட்டால் ரீஃப்ரெஷ். உறையாவிட்டாலும், உறைந்துவிட்டதோ என்று ரீஃப்ரெஷ். டிபன் நேரத்தில் மற்றவர்கள் கேன்டீனுக்குப் போவார்கள், நான் டப்பாவை மேஜையிலேயே திறந்து இடது கையால் சாப்பிடாத குறையாக வலது கையை மவுஸிலேயே வைத்திருந்தேன். ஒருநாள் ஒரு லாரிக்கு வேறு லாரியின் பில்லைக் கொடுத்து அனுப்பி, டிரைவர் அண்ணா வண்டலூர் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. மேலாளர் சொல்ல வேண்டியதைச் சேர்த்துச் சொன்னார்.

எப்போது திறந்தாலும் அப்பா ஒன்று எழுந்துகொண்டிருப்பார், இல்லையென்றால் ஜன்னலோரம் பாதியாக நிற்பார். அவர் எழுந்திருக்கிறாரே என்ற பயத்தில் நான் அதிகம் பார்த்தேன். இப்படியே மூன்று வாரம் போயிற்று.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அப்பா ஏழு மணிக்கே படுத்திருப்பார். கால் பாதம் இரண்டும் வீங்கியிருக்கும். "நாள் பூரா நின்னா வீங்காம என்ன செய்யும்" என்று திட்டிக்கொண்டே தைலம் தேய்ப்பேன். கீழ் வீட்டு அக்கா ஒருநாள், மதியம் போனால் பெரியவர் மூட்டை தூக்கினவர் மாதிரி மூச்சு வாங்குகிறார் என்று சொன்னார். முணுமுணுப்பையும் வயதையும் சேர்த்துப் பார்த்து எனக்கு வேறு ஒரு பயம் வந்தது. மூளையில் ஏதாவது கோளாறோ? வெளியே சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது.

அந்த நாட்களில் ஜன்னல் கம்பியில் ஒரு பச்சை ரவிக்கைத் துணி செருகியிருந்ததையும் பார்த்தேன். நவராத்திரிக்கு யாரோ தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்தது. நானும் யாருக்காவது வைத்துக் கொடுக்கலாம் என்று அலமாரியில் வைத்திருந்தேன். எங்கள் தெருவில் அப்படி ஒரே துணி மூன்று வீடு சுற்றி நம் வீட்டுக்கே வந்துவிடுவதும் உண்டு. இதை யார் இங்கே செருகியது என்று கேட்டேன். கண்ணாடி துடைக்க எடுத்தேன் என்றார் அப்பா. நல்ல புதுத் துணியை எடுத்தா துடைப்பது என்று அதற்கும் ஒரு பாட்டு பாடினேன். ஆனால் துணியை எடுக்கவில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான்காவது வாரம் ஒரு புதன்கிழமை. கம்பெனிக்கு வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஆடிட் வந்தார்கள். பதினொன்றரைக்கு நான் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேலாளர் கதவருகே வந்து, உடனே வாருங்கள், டிஸ்பாட்ச் ரிஜிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் பதறி எழுந்ததில் படத்தை மூடவில்லை. சரக்குப் பட்டியலை மட்டும் மேலே இழுத்து மறைத்துவிட்டு ஓடினேன்.

அந்த அறையில் ஏசி குளிர். வந்தவர்கள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள். மேஜைக்கடியில் என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டரைக்கு அக்கா போயிருப்பார், சோறு போட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கென்று அக்காவுக்குக் கேஸ் சிலிண்டர் வர, அவர் ஒரு மணிக்குத்தான் மாடி ஏறப்போகிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

திரும்பி வரும்போது மணி பன்னிரண்டே முக்கால். பட்டியலை விலக்கினேன். அன்றைக்குப் பார்த்துப் படம் உறையவே இல்லை, ஓடிக்கொண்டிருந்தது. பாதி அப்பா. ஜன்னலோரம். வாக்கரைப் பிடித்த இடது கை நடுங்கிக்கொண்டிருந்தது. கை மட்டுமில்லை, தோளும் நடுங்கியது. "உக்காரு, உக்காரு" என்று கம்ப்யூட்டரிடம் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாக்கர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்பா சுவரோடு உரசிக்கொண்டே மெதுவாகக் கீழே போனார். பிறகு ஜன்னலுக்குக் கீழே நீட்டிய ஒரு கால் மட்டும் படத்தில் இருந்தது.

அக்காவுக்கு எப்படி எண்ணை அழுத்தினேன் என்று இப்போது கேட்டாலும் தெரியாது. அவர் மாடியேறிக் கதவைத் திறந்து உள்ளே போகிறவரை அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டு, திரும்பப் போன் செய்து, பேச்சு தெளிவாக இருக்கிறது, வலி எங்கும் புதிதாக இல்லை என்கிறார், ஆனால் நீ வந்துவிடு என்றார். மேலாளரிடம் சொல்லிக்கொண்டேனா, அதுவும் ஞாபகமில்லை. டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். தாம்பரம் வண்டி கிடைத்தது.

உட்கார இடம் இருந்தது, உட்கார முடியவில்லை. கதவருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு போனைத் திறந்தேன். அவசரத்தில் ஆப்பையே தொட்டேன். சாயங்கால நெரிசலில் போனை வெளியே எடுக்கவே முடியாது என்பதால், இத்தனை நாளில் அதை நான் வழியில் பயன்படுத்தியதே இல்லை. அதில் சத்தமும் வந்தது. கூடத்து மின்விசிறியின் கடகட சத்தம் முதலில் கேட்டது. அப்பா நாற்காலியில், கையில் காபி டம்ளர். அக்கா பக்கத்தில் ஸ்டூலில்.

அப்பா நிமிர்ந்து காமிராவைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். வாக்கரை இழுத்தார்.

"எங்க எழுந்திருக்கிறீங்க? உக்காருங்க" என்று அக்கா தோளை அழுத்தினார்.

"வுடும்மா. லைட் எரியுது பாரு. பொண்ணு பாக்குது. நிக்கணும்."

போனை அணைத்துவிட்டேன். கை தானாக அணைத்தது. ஒரு நிமிஷம் கழித்து, இல்லை, நான் தப்பாகக் கேட்டிருப்பேன் என்று மறுபடியும் திறந்தேன். உட்கார்ந்திருந்த அப்பா தலையைத் தூக்கினார், நாற்காலிக் கையில் உள்ளங்கையை ஊன்றினார். இந்தத் தடவை அக்கா எதிரில் இல்லை, சமையலறைப் பக்கம் போயிருந்தார். நான் பட்டென்று மூடினேன்.

ஒரு லெவல் கிராசிங் கேட்டை வண்டி தாண்டியது. கொடியோடு ஒரு பெண் ஓரமாக நின்றிருந்தாள், நீலச் சட்டையும் புடவையுமாக. நான் கதவிலிருந்து தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தேன். கடைசிப் பெட்டி அவளைத் தாண்டிப் போகிறவரை அவள் கொடியை இறக்கவில்லை.

சாஞ்சுகிட்டே கைய ஆட்டுற. குந்திகிட்டே கொடி காட்டினியா. என் குரலிலேயே எனக்குக் கேட்டது. என் நாக்கை அறுத்துப் போட்டால்தான் என்ன? ஒவ்வொரு தடவை நான் திறந்தபோதும் அந்த மனுஷன் எனக்காக எழுந்திருக்கிறார். நான் பட்டென்று மூடினால் பாதியில் உட்கார்ந்திருக்கிறார். ரீஃப்ரெஷ் அழுத்தினால் விளக்கு அணைந்து எரிந்திருக்கும், அவருக்கு அது அடுத்த வண்டி. அன்று காலை பதினொன்றரைக்கு ஒரு வண்டி வந்தது, ஒன்றேகால் மணி நேரம் போகவே இல்லை. அவரும் கொடியை இறக்கவில்லை.

அப்பா விழுந்துவிடக் கூடாது என்றுதான் பார்த்தேன். பார்த்துப் பார்த்து நானே விழ வைத்தேன்.

கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் போனைத் திறக்க விரல் துடித்தது. திறந்தால் எழுந்துவிடுவார். திறக்காவிட்டால் என்ன ஆயிற்றென்று தெரியாது. போனைக் கைப்பையில் போட்டேன், பையை மூடினேன், பையைப் பிடித்துக்கொண்டேன். பெருங்களத்தூரில் சிக்னலுக்காக வண்டி நின்றபோது, நானே இறங்கித் தள்ளிவிடலாம் போல இருந்தது. தாம்பரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து, கேம்ப் ரோடு நெரிசலில் டிரைவர் அண்ணாவைப் பாடாய்ப் படுத்தி வீடு வந்து சேர்ந்தேன்.

அப்பா நாற்காலியில் இருந்தார். கண் காமிராமேல்தான் இருந்தது. நான் வாசலில் நிற்பதைப் பார்த்ததும்தான் கண்ணை இறக்கினார். அக்கா எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பேசிக்கொள்ளுங்கள் என்பதுபோலக் கீழே போய்விட்டார்.

நான் தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தேன். பாதத்தைத் தொட்டால் தோல் விண்ணென்று இருந்தது. நிற்காதே நிற்காதே என்று எத்தனை தடவை போனில் கத்தினேன், ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். கோபமாகக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகையாக வந்தது.

"வாயால தான சொன்ன? வாயால சொல்றத நம்பி ரயில்வே கேட்ட தொறந்துட முடியுமா? ஒக்காருன்ற. ஒக்காந்துகினு காட்டுனா நக்கல் பண்ற. நான் எத கேக்குறது?"

கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

"அன்னிக்கு நான் சொன்னது தப்புப்பா. விளையாட்டுக்குச் சொன்னேன். தப்பு."

அவர் சர்வீஸில் ஒரு வண்டியைக்கூடத் தான் உட்கார்ந்து அனுப்பியதில்லை என்றார். ஜுரத்தில் நின்றிருக்கிறாராம். அம்மா பிரசவத்துக்குப் போன அன்றும் நின்றிருக்கிறாராம். நான் பிறந்த சேதி வந்தபோது ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்ததாம். ஐம்பதுக்குமேல் பெட்டி இருந்ததாம், முடியவே இல்லையாம். கடைசிப் பெட்டி போன பிறகுதான் கொடியை இறக்கிவிட்டு என்ன குழந்தை என்று கேட்டாராம். இதை இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் சொன்னதே இல்லை.

ஜன்னலோரம் ஏன் போனாய் என்று கேட்டேன். வண்டிக்கு நேராக யாராவது நிற்பார்களா, ஓரமாகத்தான் நிற்க வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கிறதே என்றார். முணுமுணுத்தது என்ன என்றேன். வெட்கப்பட்டார். "ரைட்டு, ரைட்டுன்னு சொல்வேன். வேற இன்னா?" பிறகு என் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"ஆனா ஒரு நாளிக்கி எத்தினி வண்டிம்மா? மெயின் லைன்ல கூட நான் இவ்ளோ பாத்ததில்ல."

சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, இரண்டும் சேர்ந்துதான் வந்தது.

காமிராவையே கழற்றிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். நான் ஆபீஸில் நிம்மதியாக இருக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். விளக்கின்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி மறைத்துவிடலாமா என்றேன். அதற்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார், எப்போது வண்டி வரும் என்று தெரியாமல் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது அதைவிடக் கொடுமை என்றார். கடைசியில் நேரம் குறித்துக்கொண்டோம். பதினொன்று, ஒன்று, நான்கு. மூன்று வண்டி. நடுவில் எதுவும் கிடையாது, ஸ்பெஷல் கிடையாது. மூன்றையும் உட்கார்ந்தபடியேதான் அனுப்ப வேண்டும்.

அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. "எழுதிக் குடு" என்றார்.

கைப்பையில் கம்பெனி நோட்டு ஒன்று இருந்தது. ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். நீல விளக்கு எரியும்போது உட்கார்ந்தபடியே கொடி காட்டலாம், எழுந்து நிற்கக் கூடாது. கையெழுத்துப் போட்டேன். வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். தேதி போடு என்றார். போட்டேன். டைம் போடு என்றார். அதையும் போட்டேன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் லீவு போட்டு எக்ஸ்ரே எடுத்தோம். பிளேட் நகரவில்லை. கால் வீக்கம் தானாக வடிந்துவிடும், வாக்கர் மட்டும் இன்னும் ஒரு மாதம் கூடுதல் என்றார் டாக்டர். எனக்கு அங்கேயே அவர் காலில் விழலாம் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் போனேன். ஒன்பதிலிருந்து கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதே முக்காலுக்கு மவுஸைத் தொட்டேன், விட்டேன். பத்தரைக்குப் பிரவுசரில் அந்த எண்ணைப் பாதிவரை அடித்துவிட்டு அழித்தேன். மவுஸை நகர்த்தி மேஜையின் அந்த ஓரத்தில் வைத்தேன். சரியாகப் பதினொன்றுக்கு அடித்தேன். வெள்ளையாகச் சுற்றியது. படம் வந்தது.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்காலியை அக்காவை வைத்து நகர்த்தியிருக்க வேண்டும், படத்துக்கு நடுவே இருந்தார். சட்டைப் பையில் தாள் துருத்திக்கொண்டிருந்தது. வலது கையில் அந்தப் பச்சை ரவிக்கைத் துணியை நேராகப் பிடித்திருந்தார். கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்தார். வாய் அசைந்தது, அது என்ன என்று இப்போது எனக்குத் தெரியும்.

ரயிலில் கடைசிப் பெட்டியில் இருக்கிற கார்டு, கேட்டில் நிற்பவருக்குத் திரும்பக் கொடி காட்டுவார். என்னிடம் கொடி இல்லை. கையை உயர்த்தினேன். பக்கத்து மேஜைக்காரர் யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும்போல இருந்தது, முகம் எப்படி இருக்கிறது, கால் எப்படி இருக்கிறது என்று. ஆனால் நான் மூடாமல் அவர் கையை இறக்கமாட்டார். மூடினேன்.

மணி பதினொன்று ஏழுக்கு என் கை மவுஸின் பக்கம் போயிற்று. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்த வண்டி ஒரு மணிக்குத்தான்.